70 ரூபாய் மதியச் சாப்பாடு: காட்பாடிப் பள்ளி உணவுக்கூடம் ஒன்றின் மதிப்புரை

காட்பாடியில் என் பேரனும் பேத்தியும் படிக்கும் தனியார் பள்ளியில், இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து மதிய உணவு வழங்கும் பொறுப்பு ஒரு சமையல் ஒப்பந்ததாரரிடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு சாப்பாட்டுக்கு 70 ரூபாய். பருவத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் பிள்ளையின் அடையாள அட்டையில் பதிவு செய்துவிடுகிறார்கள். பெற்றோர் தரப்பிலிருந்து உணவுக் குழுவில் என்னையும் சேர்த்திருப்பதால், பரிமாறும் கூடத்தை மட்டுமல்லாமல், ஊருக்கு வெளியே இருக்கும் சமையற்கூடத்தையும் உள்ளே சென்று பார்க்க முடிந்தது. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், அண்டாவைக் கண்டால் இதில் எத்தனை கிலோ பருப்பு விழுந்திருக்கும் என்று கணக்குப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த மதிப்புரை அந்தப் பழக்கத்தில் எழுதப்படுவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவுப் பட்டியல் நன்றாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது, பருப்பில் கஞ்சத்தனம் இல்லை, சமையலர்களுக்குக் கைப்பக்குவமும் இருக்கிறது. ஆனால் காய் நறுக்குவதற்கும் வேகவைப்பதற்கும் நடுவே ஓர் இரவும், அடுப்பிலிருந்து இறக்குவதற்கும் தட்டில் விழுவதற்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரமும் போய்விடுகின்றன. பட்டியலில் எழுதிய சத்தில் ஒரு பங்கு அந்த இடைவெளியிலேயே கரைந்துவிடுகிறது. ஒப்பந்ததாரரிடம் பேசும் பெற்றோர்கள் பட்டியலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்; பனீர் சேர்க்கலாமா, சப்பாத்தி கொடுக்கலாமா என்று. கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு நறுக்கினீர்கள், எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்பதைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உண்மையிலேயே நல்லது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் மையத்தில் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரு கண்ணாடித் தம்ளரில் சாம்பாரை ஊற்றி அசையாமல் சிறிது நேரம் வைத்தால், குழைந்த பருப்பு கீழேயும் புளித்தண்ணீர் மேலேயும் பிரிந்து நிற்கும். கீழே நிற்கும் பகுதி தம்ளரில் கால்வாசிக்கும் குறைவாக இருந்தால், பருப்பு எங்கோ வேறு வழியில் போயிருக்கிறது என்று பொருள். இங்கே பரிமாறிய சாம்பாரில் பாதித் தம்ளர் வரை பருப்பு நின்றது. மத்திய அரசின் பிஎம் போஷண் திட்ட அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மதிய உணவில் 20 கிராமும், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு 30 கிராமும் பருப்பு சேர வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்த அளவு கட்டாயமில்லை என்றாலும், அளந்து பார்க்க நம்மிடம் இருக்கும் நல்ல படி அதுதான். அந்தப் படிக்கு இந்தச் சாம்பார் தேறிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் தரும் கொண்டைக்கடலைச் சுண்டலும் அப்படியே. முதல் நாளே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்தில் வேகவைக்கிறார்கள். ஊறாத கடலையை உப்பும் சோடாவும் போட்டு அவசரமாக வேகவைக்கும் வேலை இங்கே நடக்கவில்லை.

முட்டை வாரத்தில் மூன்று நாள் உண்டு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது என்பதால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் வேண்டியதாகச் சொல்லப்படும் 12 கிராமில் பாதியை அது ஒன்றே கொடுத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அரசுத் திட்டத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் வாழைப்பழம் புரதக் கணக்கில் முட்டைக்கு ஈடாகாது. சுண்டலோ வறுத்த வேர்க்கடலையோ கொஞ்சம் கூடக் கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைக்கு நியாயம். வேகவைத்ததில் ஒரு குறை. முட்டையைப் பிளந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரிகிறது. அதிக நேரம் கொதிக்கவிட்டால் வெள்ளைக் கருவிலிருந்து கிளம்பும் கந்தகமும் மஞ்சள் கருவிலுள்ள இரும்பும் சேர்ந்து அந்த வளையத்தை உண்டாக்கும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் வாடை பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை, கரு மட்டும் தட்டில் மிஞ்சிவிடுகிறது. கொதி வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது. அதைவிட முக்கியமானது, காலையிலேயே ஓடு உரித்துத் திறந்த தாம்பாளத்தில் அடுக்கி அனுப்புவதை நிறுத்த வேண்டும். உரித்த முட்டைக்குக் காவல் இல்லை. பரிமாறும் இடத்தில், பந்திக்குச் சற்று முன் உரித்தால் போதும்.

இனி காய்கறிக்கு வருகிறேன். இந்தச் சேவையின் பலவீனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வேளைக்கு 50 முதல் 75 கிராம் காய் என்பது அரசு சொல்லும் அளவு. எடையளவில் பார்த்தால் இவர்கள் அதற்குக் குறைவாக வாங்குவதில்லை. கொள்முதல் சீட்டுகளைக் காட்டினார்கள், கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பந்தி முடிந்ததும் கூடத்தின் மூலையில் வைத்திருக்கும் எச்சில் வாளியைப் பார்த்தால், அந்தக் காயில் பெரும்பகுதி அதற்குள்தான் கிடக்கிறது. சோறு கொஞ்சம், கறிவேப்பிலை, அதற்கு மேல் மூடிபோட்டது போலப் பீன்ஸ் பொரியல். எந்தப் பள்ளியின் உணவை மதிப்பிடவும் பரிமாறும் மேசையைவிட அந்த வாளி நல்ல சாட்சி.

பிள்ளைகள் காய் சாப்பிடுவதில்லை என்று ஆசிரியர்களும் அலுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கு முன் அந்தப் பொரியலை ஒருமுறை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். பீன்ஸ் பச்சையாக இல்லை; காய்ந்த புளியிலையின் நிறத்தில், மென்றால் சக்கையாக, உப்பு மட்டும் தூக்கலாக இருந்தது. காரணம் சமையற்கூடத்தில் தெரிந்தது. மறுநாளைக்கான காய் முழுவதையும் முதல் நாள் மாலையிலேயே நறுக்கித் தண்ணீரில் போட்டுவைக்கிறார்கள். வைட்டமின் சி-யும் பி வகை வைட்டமின்களில் பலவும் நீரில் கரைபவை. நறுக்கிய பிறகு கழுவினாலே கொஞ்சம் போகும்; இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் மிஞ்சுவது நாரும் நிறமும்தான். பிறகு அதைக் காலை எட்டரைக்கு வதக்கி, சூடு தாங்கும் பெட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். மூடிய பெட்டிக்குள் காய் வெந்துகொண்டே இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவிக்கு வெளியேற வழியில்லாததால் பச்சை நிறமும் செத்துவிடுகிறது. வீட்டில் கீரையைத் திறந்து வைத்து வேகவைக்கச் சொல்லும் பாட்டிமார் வேதியியல் படிக்காமலேயே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

நறுக்கும் இடத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் காலையில் நறுக்கக் கூடாதா என்று கேட்டேன். “இன்னாம்மா பண்றது, மூணு ஸ்கூலுக்குப் போவணும். காலையில குந்திக்கினு நறுக்க ஆளு எங்கம்மா இருக்குது?” என்றார். அவர் மீது குற்றமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வந்து நறுக்க ஆள் வைக்க வேண்டுமானால் கூலி அதிகமாகும், 70 ரூபாய் 75 ஆகும். அதைப் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டிருக்கலாம். என் கணிப்பில் பாதிப் பேருக்கு மேல் சம்மதித்திருப்பார்கள். மாலையில் பள்ளி வாசலில் பிள்ளைக்கு வாங்கித் தரும் குர்குரே பொட்டலத்துக்கு அதைவிட அதிகம் செலவாகிறது.

கொள்முதலிலும் ஒரு யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கிறார்கள். பட்டியலில் வருவது கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மறுபடியும் கேரட். மலையிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்து, இங்கே மூன்று நாள் காத்திருந்து, வேலூர் வெயிலில் வாடி, பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறும் காய்க்கு என்ன உயிர் இருக்கும்? காட்பாடியிலேயே உழவர் சந்தை இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முதல் நாள் மாலை பறித்த காய் விடிவதற்குள் அங்கே வந்துவிடுகிறது. அவரை, கொத்தவரை, பீர்க்கங்காய், சுரைக்காய், முள்ளங்கி, அரைக்கீரை, முருங்கைக்கீரை என்று பருவத்துக்கு ஏற்றதை அன்றன்று வாங்கினால் விலையும் ஒன்றும் ஏறிவிடாது. ஆயிரக்கணக்கான சாப்பாட்டுக்குச் சந்தைக் கடைகளில் பொறுக்கி வாங்க முடியாது என்பது நியாயமான தடைதான். ஆனால் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்து விவசாயிகள் சிலரிடம் வாரத்துக்கு இத்தனை கிலோ என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது, மூன்று பள்ளிகளை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்குப் பெரிய காரியமில்லை.

அணைக்கட்டு என்றதும் கத்தரிக்காய் நினைவுக்கு வருகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் வேலூரின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் குத்தும், காய் வெண்ணெய் போல வேகும். ஊரார் எல்லோரும் பெருமை பேசுகிறோம். இந்தப் பள்ளியின் பட்டியலில் கத்தரிக்காய் என்ற சொல்லே இல்லை. பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது மேற்பார்வையாளர் சொன்ன காரணம். திங்கள்கிழமை காய்கறிப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இவர்கள் தருவது நீர்த்த வெங்காயப் பச்சடி. ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரியாணியோடு புளிப்பான கத்தரிக்காய் வருவது பிறந்ததிலிருந்து பழகிய ருசி. அதையே வைத்துப் பார்க்கலாமே என்று குழுவில் நான் சொன்னபோது, ஒரு வாரம் சோதனையாகச் செய்தார்கள். அன்று வாளியில் கத்தரிக்காய் அதிகம் விழவில்லை. ஆனால் அடுத்த வாரமே வெங்காயப் பச்சடி திரும்பிவிட்டது. கத்தரிக்காயை முதல் நாள் இரவு நறுக்கிவைத்தால் கறுத்துவிடும் என்பதுதான் நிஜமான காரணம் என்று நினைக்கிறேன்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது ருசியோடு நிற்கும் விஷயமில்லை. சமைத்த உணவைச் சூடாக வைத்திருப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிராக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெதுவெதுப்பு கிருமிகளுக்குச் சொந்த வீடு. சமையற்கூடம் சித்தூர் சாலையில் இருக்கிறது. உணவு வண்டி பத்து மணிக்குக் கிளம்பி, காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் நெரிசலைத் தாண்டி, மற்றப் பள்ளிகளில் இறக்கிவிட்டு இங்கே வருகிறது. முதல் பந்தி, அதாவது ஐந்தாம் வகுப்பு வரை, பன்னிரண்டு மணிக்கு உட்காருகிறது. அவர்களுக்குச் சாம்பார் ஆவி பறக்கவே கிடைக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பிள்ளைகளின் இரண்டாம் பந்தி ஒரு மணிக்கு. அதற்குள் பெட்டிகளின் மூடி பலமுறை திறந்து மூடப்பட்டிருக்கும். இரண்டாம் பந்தியில் சோற்றுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன்; 48 டிகிரி காட்டியது.

சோறுதானே, ஆறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெகுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒருவகை, மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் வரும் வாந்தியைத்தான் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்தக் கூடத்தில் அப்படி எவருக்கும் நேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. நேர்வதற்கு முன் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமைத் தயிர்சாதம் எனக்கு இன்னும் பெரிய கவலை. காலையிலேயே தயிர் கலந்து கொண்டுவருவதால், ஜூன் மாத வெயிலில் மதியம் ஒரு மணிக்கு அது கண்ணைச் சுருக்கும் புளிப்புக்குப் போய்விடுகிறது. அதை மறைக்கப் பால் ஊற்றுகிறார்கள், பிறகு உப்பு கூட்டுகிறார்கள். சோற்றைத் தனியாகக் கொண்டுவந்து, சத்துவாச்சாரி ஆவின் பண்ணையிலிருந்து வரும் தயிரைப் பள்ளியின் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பந்தியில் கலந்து போட்டால் இந்தக் கூத்து எதுவும் வேண்டியதில்லை.

பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் முறையும் இங்கே இல்லை. 2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரின் சரண் மாவட்டத்தில், பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அரசு மையங்களில் ஆசிரியரோ அமைப்பாளரோ முதலில் உண்டு பார்க்க வேண்டும் என்ற விதியை அதன்பிறகு எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம் என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு கிண்ணம் உணவை மாதிரியாக எடுத்து மூடிவைப்பதும் செலவில்லாத வேலை. பள்ளி முதல்வரிடம் இதைச் சொன்னேன்; உடனே ஒப்புக்கொண்டார். இப்போது ஒரு ஆசிரியை முதல் பந்திக்கு முன் சாப்பிட்டுப் பார்க்கிறார். இரண்டாம் பந்திக்கு இன்னும் ஆள் போடவில்லை.

பள்ளிக்குள்ளேயே சமைக்கலாமே என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தபோது, நிர்வாகம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளி என்ற சொல்லும் அடுப்பு என்ற சொல்லும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் எந்த நிர்வாகிக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வகுப்பறைக் கட்டடத்திலிருந்து விலகி, கான்கிரீட் கூரையோடு, சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் வழியாக எரிவாயு எடுக்கும் தனிச் சமையலறை கட்டத் தடை ஒன்றுமில்லை; அந்தப் பள்ளிக்கு இடமும் இருக்கிறது. முழுச் சமையலும் அங்கே நடக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. சாம்பார், குழம்பு, சுண்டல் ஆகியவை வெளியிலிருந்து வரலாம். அவை சூட்டையும் காத்துக்கொள்ளும், நேரத்தையும் தாங்கும். சோறு வடிப்பதும் பொரியல் வதக்குவதும் மட்டும் பள்ளியில், ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனியாக நடந்தால், நான் இதுவரை சொன்ன குறைகளில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும்.

இதே தெருவின் கோடியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே மையத்திலேயே சமைத்து, இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிறார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய சத்துணவில், 2013-க்குப் பிறகு கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன; 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் படிப்படியாகச் சேர்ந்துவிட்டது. அங்கேயும் குறைகள் உண்டு, அவற்றை நான் உள்ளிருந்தே பார்த்தவள். காய்க்கு ஒதுக்கும் பணம் போதாது, சமையலர் பணியிடம் காலியாகவே கிடக்கும். ஆயினும் புதுச்சோற்றின் சூடு என்ற ஒன்றில், காசு வாங்காத அந்தச் சாப்பாடு 70 ரூபாய்ச் சாப்பாட்டை முந்துகிறது. கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இது கசக்கும்.

கீரை புதன்கிழமை வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் இந்திய அளவில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஆகவே மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து சேர்வது விளையாட்டில்லை. கீரையிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. புளிப்பான பழமோ எலுமிச்சையோ கூடச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடுகிறது. கீரை நாளன்று ஒரு துண்டு கொய்யாவைத் தட்டில் வைத்தால் போதும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. இவர்களோ கீரை நாளில்தான் பழத்துக்கு விடுமுறை கொடுத்து, குலாப் ஜாமூன் வைக்கிறார்கள்.

கேழ்வரகு பற்றி ஒரு சிறு வருத்தம். வடாற்காடு களியிலும் கூழிலும் வளர்ந்த சீமை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்க, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. களி கிண்டிப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, இந்தப் பிள்ளைகள் அதை உருட்டிப் பந்து விளையாடுவார்கள். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையை வாரம் ஒருநாள் கொடுக்கலாம். அதற்குத் தோசைக்கல் பள்ளியில் வேண்டும் என்பதால் மறுபடி அதே சமையலறைக் கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

சாப்பாட்டோடு ஒட்டிய சிற்றுண்டிக் கடையையும் இதே ஒப்பந்ததாரர் நடத்துகிறார். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி செய்திருக்கிறது. சிப்ஸ் பொட்டலங்களை எடுத்துவிட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பெட்டியில் அடைத்த மாம்பழப் பானம் ‘பழச்சாறு’ என்ற பெயரில் அதே இடத்தில் நிற்கிறது. பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்தால், மாம்பழத்தைவிடச் சர்க்கரையே அதன் சாரம் என்று புரியும். சமோசா பொரிக்கும் எண்ணெய் நான் பார்த்த நாளில் வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தது. புதிது மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள், எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. இந்தக் கடையில் மோரும் வேர்க்கடலை உருண்டையும் அவித்த சோளமும் வைத்தால் விற்காது என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கூடம் சுத்தமாக இருக்கிறது. எவர்சில்வர் தட்டுகளை வெந்நீரில் கழுவுகிறார்கள், பரிமாறுபவர்கள் தலைக்கு உறையும் கைக்குச் சுத்தமும் பேணுகிறார்கள், பிள்ளைகளிடம் கோபப்படுவதில்லை. கேட்ட சோற்றை மறுபடியும் போடுகிறார்கள். ‘ஒருமுறைதான்’ என்ற விதி இல்லாதது எனக்கு மிகவும் பிடித்தது. வரிசை மட்டும் நீளம். இருபத்தைந்து நிமிட இடைவேளையில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அவசரத்தில் முதலில் விடுபடுவது காய்தான். மென்று விழுங்க வேண்டிய பொருள் அது ஒன்றே. இன்னொரு பரிமாறும் மேசை போட்டால் தீரும்.

வீட்டில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு, காலை ஆறு மணிக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பாவைவிட இந்தச் சாப்பாடு மேல். குறிப்பாகச் சாம்பார் நாள்களும் சுண்டல் நாள்களும். நொறுக்குத்தீனியில் மதியத்தை ஓட்டிவிடும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் தயங்காமல் சேர்க்கலாம். நான்கு வகை கேட்டு அடம்பிடிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், அதில் தவறொன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் நாலாம் வகுப்பில் படிக்கும் பேரனுக்கு அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டிவிட்டோம். அவன் முதல் பந்தி. ஒன்பதாம் வகுப்புப் பேத்திக்குக் கட்டவில்லை. இரண்டாம் பந்திக்குத் தனியாகச் சோறு வடிக்கவும், தயிரைப் பந்தியில் கலக்கவும் ஏற்பாடு செய்வதாக ஒப்பந்ததாரர் குழுவிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்தில் கொடுத்து, வெப்பமானி அளவைத் தினமும் பலகையில் எழுதத் தொடங்கினால், அவளுக்கும் கட்டுவோம்.